அக்கா யோசிக்கிறாள்

போன வாரம் தஞ்சாவூரில் புது போன் வாங்கப் போனேன். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் தலையைத் தூக்கினாள். "மேடம், இந்த கேம் ரொம்ப எடத்த அடைக்குது. எடுத்துடவா?"

"ஐயோ, வேணாங்க. அது இருக்கட்டும்."

தலைக்குச் சாயம் அடிக்கிற வயசில் இதற்கு கேம் ஒரு கேடா என்று அவள் நினைத்திருக்கலாம். திரையில் கட்டம் கட்டமாக ஒரு போர்க்களம். கீழே, எதிராளி ஆட வேண்டும், காத்திருங்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி.

புது போன் பெட்டியைப் பிரித்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள். எனக்கு அது வந்ததும் அவித்த நெல் வாசனையும் கூடவே வந்துவிடும். நீடாமங்கலம் வீட்டில் அக்கா படிப்புக்காக வந்த கம்ப்யூட்டரை, ஈரம் படாத இடம் என்று அப்பா நெல் மூட்டை அறையில் வைத்தார். எலி ஒயரைக் கடிக்கும். கீபோர்டைத் தட்டினால் உமி கொட்டும். அதில்தான் அக்கா தோழியிடமிருந்து கொண்டுவந்த சிடியைப் போட்டு விளையாடுவோம். வில்லாள், வேலாள், குதிரை. நான் நகர்த்தி முடித்தால்தான் அவள் நகர்த்தலாம்.

சித்தப்பா பிள்ளைகள் சுடுகிற விளையாட்டு விளையாடுவார்கள். நமக்கு அது சரிப்படுமா? "பால் பொங்குது பாருங்கடி" என்று அம்மா குரல் கொடுப்பாள். போய்விட்டு வருவதற்குள் செத்துக் கிடப்போம். இந்த விளையாட்டு அப்படியில்லை. அடுப்பை அணைத்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, கொடியில் துணியெடுத்து வந்தாலும் எதிரி ஓங்கிய கத்தியோடு அப்படியே நிற்பான். இன்றுவரை இந்த மாதிரி ஆட்டத்தை ஜனங்கள் விடாமல் ஆடுகிறார்கள் என்றால், இந்தக் காத்திருக்கிற குணத்துக்காகத்தான் என்பேன். மனுஷரில் அப்படி யார் இருக்கிறார்கள்?

ஒருத்தி ஆடும்போது மற்றவள் பார்க்கக் கூடாது. மூட்டைகளைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். அக்கா கல்லுளிமங்கி. ஒரு வில்லாளை நகர்த்த ஒரு யுகம் எடுத்துக்கொள்வாள்.

"ஆடுனியா இல்லியாடி?"

"இருடி, யோசிக்கிறேன்."

அடிபட்டு நொண்டுகிற குதிரை ஒன்று எப்போதும் அவள் பக்கம் இருக்கும். ராசாத்தி என்று பெயர் வைத்திருந்தாள். அதைக் காப்பாற்றப் போய் முழு ஆட்டத்தையும் தோற்பாள். "விட்டுட்டு வர மனசு வரலடி" என்பாள். நான் சிரிப்பேன்.

அவள் கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். "அவளத் தலமுழுகியாச்சு" என்றவர், அக்கா வாசலில் நிற்கும்போதே என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "இவகூட இனிமே பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணினேன். மீறினால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். எம்.எஸ்ஸி. படித்த புத்தியெல்லாம் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

அவர்கள் மஸ்கட் போய்விட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து என் போனுக்கு ஓர் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் பெயர், ராசாத்தி.

பேசக் கூடாது என்றுதானே சத்தியம். விளையாடினேன். ஒரு நாளைக்கு அவள் ஒன்று, நான் ஒன்று. எழுதிப் பேசவும் அதில் இடம் இருந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. அவள் தாறுமாறாக ஆடினால் அன்றைக்கு மனசு சரியில்லை என்று தெரிந்துகொள்வேன். வெகுநாள் அது போதும் என்றுதான் இருந்தது.

அப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ. ஒரு நாள் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஆட்டம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"என்ன ஆடுனா?"

"குதிரைய பின்னாடி எடுத்துட்டாப்பா."

"ஏன், ஒடம்புக்கு முடியலயாமா?"

அதன்பிறகு தினமும் கேட்டார். பேசு என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் தவம் கிடந்தேன்.

இந்தச் சித்திரையில் ஆட்டம் வருவது நின்றது. பிறகு அவள் கணவர் செய்தி அனுப்பினார். காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். திரும்பவில்லை. அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிர்ச்சி எதுவும் கூடாது என்றிருந்தார் டாக்டர். நானும் அம்மாவும் கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதோம்.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ பழைய சாமானுக்குப் போய்விட்டது. நெல் அவிப்பதும் வீட்டில் நின்றுவிட்டது. அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், சரியாக வரமாட்டேன் என்கிறது.

புது போனோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா வழக்கம்போல் கேட்டார்.

"வந்துச்சா?"

"இல்லப்பா. யோசிக்கிறா."

பேப்பரை மடித்து வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சத்தியத்த விட்டுடும்மா. யோசிச்சதெல்லாம் போதும். போன் போட்டுக் குடு, நானே பேசுறேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள்.