மெத்தைக்கடியில் இருந்த செய்தித்தாள்கள்

மாமனாரின் மெத்தை உறையை மாற்றத் தூக்கியபோது, அடியில் மடித்துவைத்த செய்தித்தாள்கள் கையில் தட்டுப்பட்டன. விரித்தால் ஒவ்வொன்றிலும் பழுப்பேறிய ரத்தக் கறை. ரோசியின் கூண்டில் நான் விரிக்கிற தாள்கள்தான் அவை. ரோசி நான்கு வயதுப் பெண் முயல். காக்ஸ் டவுன் வீட்டில் அப்போது நான், மனைவியை இழந்த மாமனார், ரோசி மூவர்தான். கணவருக்குப் புனேயில் வேலை; மாதம் ஒருமுறை வருவார்.

எனக்கு ஒரு மாதமாகவே சந்தேகம். முதலில் ஒருநாள் தாளில் சிவப்பாகப் பார்த்து, முயல் மருத்துவரிடம் போனில் கேட்டேன். பீட்ரூட் தின்றால் சிறுநீர் சிவக்கும் என்றார். பீட்ரூட் தோலைப் போடுவதை நிறுத்தினேன். அதன்பிறகு நான் அலுவலகத்திலிருந்து வரும்போதெல்லாம் கூண்டில் புதுத் தாள் இருந்தது. மாற்றியவர் மாமனார். அதுதான் உறுத்தியது. முயலைத் தொடாதவர் அவர். தன் வேதாகமத்தின் தோல் அட்டையை அது கடித்த நாளில், “ஒருநாள் இத ஒழிச்சுக் கட்டுறேன் பாரு” என்று கத்தியவர். ரோசியோ மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தூக்கினால் கடிக்க வந்தது. கைத்தடியால் குத்துகிறாரோ? ஒருநாள் டிபன் பாக்ஸை மறந்ததுபோலத் திரும்பி வந்து பார்த்தேன். கூண்டின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்துவிட்டார்.

இப்போது தாள்களும் கிடைத்துவிட்டன. கூடத்தில் அவர் முன்னால் போட்டேன்.

“மாமா, ரோசிய அடிச்சீங்களா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை விரித்தார். ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தது.

“பீட்ரூட்டுன்னா பூரா ஒரே செவப்பா இருக்கணும்ல? நான் உக்காந்து பாத்தேன்மா. மூத்திரம் வெளுப்பாத்தான் போகுது. கடைசிலதான் ரத்தம், கட்டியா.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“பொம்பள சமாச்சாரம். மருமககிட்ட எப்படிச் சொல்றது? அவன் வரட்டும், டாக்டர்கிட்ட காட்டலாம்னு எடுத்து வச்சேன்.” குரல் இறங்கியது. “உன் அத்தையும் துணிய ஒளிச்சு ஒளிச்சுத் தொவச்சா. கர்ப்பப்பைலன்னு எனக்குத் தெரியறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு.”

அத்தை புற்றுநோயில் இறந்தது எனக்குத் தெரியும். எங்கே வந்த புற்று என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் தாள்களோடு மருத்துவரிடம் போனோம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டிகள் தெரிந்தன. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. “ஸ்வல்ப லேட்டாயிருந்தா லங்ஸுக்குப் போயிருக்கும்” என்றார் அந்தக் கன்னட டாக்டரம்மா. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினார்கள். பரிசோதனையில் புற்று என்றே வந்தது. ஆறு மாதக் குட்டியிலேயே எடுத்திருந்தால் இது வந்தே இருக்காதாம். எடுக்காத பெண் முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்குமேல் இது சகஜமாம். ஆண் முயலே இல்லாத வீட்டில் அந்த ஆபரேஷன் எதற்கு என்று நான் இருந்துவிட்டேன். ரோசி பிழைத்தது.

நான் மன்னிப்புக் கேட்டபோது, “விடும்மா” என்றதோடு சரி. ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, “நீயும் ஒருதரம் காட்டிக்கம்மா” என்றார். திடுக்கிட்டேன். சில மாதங்களாக எனக்கும் நாள் தவறி ரத்தம் படுவதை நான் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? என்னையும் கவனிக்கிறாரா? மறுபடியும் அதே சந்தேகம். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எதுவும் தெரியாது, வெறும் பயம். எனக்கும் ரத்தம் படுவதைச் சொல்லிவிட்டேன்.

மருத்துவமனைக்கு அவரும் வந்தார். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்த நடையில், என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “ரத்தம் எதனாலயாம்மா?” என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சத்தமாகவே சொன்னேன்: “சாதாரணக் கட்டிதான் மாமா. புத்து இல்ல.”