சக்களத்திக்கு ஒரு ஸ்வெட்டர்

இன்று காலை நான் பார்க்கப் போன மனிதர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். ஒரு கன்னம் சிமெண்டோடு ஒட்டியிருந்தது. ஒரு கை மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு அடியில் துழாவி, அங்கே விரித்திருந்த வெள்ளைத் தாளை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. தாள் கைக்கு வந்ததும் எழுந்து, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். போதாதென்று மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார்.

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் மனைவி கேட்டார்: "என்ன சொல்றா சக்களத்தி?"

"சுத்தம்மா. ஒரு பொட்டு இல்ல."

அவ்வளவுதான். லாட்டரி விழுந்தவர் மாதிரி ஒரு சிரிப்பு. அதற்கப்புறம்தான் அவருக்குப் பல் தேய்க்க வேண்டும் என்ற நினைப்பே வந்தது.

ஊரில் அவருக்கு லிப்ட்டுக்காரர் என்று பெயர். அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்ப்பது தொழில். எந்த லிப்டில் ஏறினாலும் பொத்தானை அழுத்திவிட்டு உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். கூட ஏறியவர்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். "இவருக்கு முட்டி வலி", "இவங்களுக்கு லேசா சளி" என்று லிப்டுகளைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவார். இன்னொரு விசேஷம், மனைவி வெட்டிப்போடும் துண்டுத் துணிகள்தான் அவருக்குக் கை துடைக்க. ஒரு நாள் வெல்வெட், ஒரு நாள் சரிகை வைத்த பட்டு. கிரீஸை இவ்வளவு ஆடம்பரமாகத் துடைக்கும் மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டின் முன்னறைதான் மனைவியின் தையல் கடை. ஒரு பாதியில் மெஷின், இஸ்திரி மேசை, தொங்கும் கோட்டுகள். மறுபாதியில் அந்த மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஒட்டிய சைடு காரோடு. வாரநாளில் சைடு காரில் லிப்ட் சாமான்கள் போகும். ஞாயிற்றுக்கிழமை சாமான்களை இறக்கிவிட்டு மெத்தை போட்டால், தையல்காரம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். "கண்ண மூடிக்கிட்டா கப்பல்ல போற மாதிரி இருக்கும்" என்பார். இத்தனைக்கும் வண்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்ததே அவர்தான்.

வண்டியை ஏன் வீட்டுக்குள் வைக்கிறார்கள்? குளிர்தான் காரணம். அந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால் பல் தந்தியடிக்கும், தெருக்குழாயில் தண்ணீர் கல்லாகிவிடும். இந்த வண்டிக்குச் செயின் கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஓர் இரும்புத் தண்டு போகிறது. ஷாஃப்ட் என்பார்கள். தண்டு சக்கரத்தோடு சேரும் இடத்தில் உருண்டையாக ஒரு அலுமினியக் கூடு. அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். எண்ணெய் வெளியே வராமல் காப்பது ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையம் ஒன்றுதான். குளிரில் அந்த ரப்பர் விறைத்துப்போகும். பிடி தளரும். எண்ணெய் மெல்ல எட்டிப் பார்க்கும்.

இந்தக் குளிர்காலம் தொடங்கியதுமே எட்டிப் பார்த்தது. லிப்ட்டுக்காரர் அசரவில்லை. புது சீல் வாங்கி, வெந்நீரில் போட்டு இளக்கி, எண்ணெய் தடவி, கைக்குழந்தைக்குத் தொப்பி மாட்டுவது போல மாட்டினார். ஒழுகல் நின்றது. ஆனால் பயம் நிற்கவில்லை. வேலைக்குப் போன இடத்தில் வெளியே குளிரில் நிற்கிறாளே, மறுபடி விறைத்துக்கொண்டால்? சாப்பிடும்போதும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன மனைவி, மிச்சம் கிடந்த சிவப்புக் கம்பளி நூலை எடுத்து அந்தக் கூட்டுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிவிட்டார்.

சும்மா பின்னவில்லை. அளவு நாடாவை வைத்துச் சுற்றளவு எடுத்து, இரண்டு பட்டன் வைத்து, பனி உள்ளே இறங்காமலிருக்க மழைக்கோட்டுத் துணியில் லைனிங்கும் கொடுத்து, தோலோடு தோலாக ஒட்டுகிற மாதிரி கச்சிதமாகத் தைத்தார். தெருவே வந்து பார்த்தது.

எதிர்முனை பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் தங்கச்சி, சக்களத்திக்கு ஸ்வெட்டர் பின்னின முதல் ஆளு உலகத்துலயே நீதான்."

"என்னண்ணே பண்றது. அவளுக்கு சளி புடிச்சா இவருக்குல்ல காய்ச்சல் வருது."

அன்று சாயங்காலமே தாளில் எண்ணெய்.

லிப்ட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சீலை மாற்றினார். மறுநாளும் எண்ணெய். இன்னொரு சீல் போட்டார். முன்பைவிட அதிகமாக வந்தது. பேக்கரிக்காரருக்கு அந்த வண்டிமேல் வெகுநாளாக ஒரு கண். சைடு காரில் ரொட்டித் தட்டுகளை அடுக்கி வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. காலையில் இவர் கடையைத் தாண்டும்போதெல்லாம் குரல் கொடுப்பார்: "என்ன மாப்ள, இன்னிக்கு எவ்ளோ ஒழுகுச்சு? வண்டிய எனக்குத் தள்ளி விடுங்க. ரொட்டிக்கு வெண்ணெ தடவுற வேலையாவது மிச்சமாகும்."

"போய்யா மச்சான்" என்று இவரும் சிரித்துக்கொண்டே போவார்.

அந்த வாரம்தான் வினை வந்தது. ஒரு டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டு ஹேங்கரிலிருந்து நழுவி, நேராகப் போய் எண்ணெயில் விழுந்தது. தையல்காரம்மா கத்தவில்லை. சோப்பு போட்டு, வெந்நீரில் ஊறவைத்து, கறையை ஒருவழியாக எடுத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இங்க பாருங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னொரு சொட்டு தரையில விழுந்துச்சுன்னா வண்டி பேக்கரிக்குப் போயிரும். அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏம்மா, ஞாயித்துக்கிழம நீ கப்பல்ல போறது?"

"நீந்திப் போறேன்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அடுத்த நாள் லிப்ட்டுக்காரர் வேலைக்குப் போன கட்டடத்தில் ஒரே புகார். லிப்டுக்குள் மூச்சு முட்டுகிறதாம். மேலே பார்த்தார். காற்று போக வைத்த சந்துகளை மறைத்து யாரோ ஒரு பெரிய நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். கிழித்தார். காற்று குபுகுபுவென்று வந்தது. கிழித்த நோட்டீஸும் கையுமாக அப்படியே நின்றார். அடுத்த நிமிஷம் படிகளில் தடதடவென்று ஓட்டம். லிப்ட் ரிப்பேர்காரர் படியில் ஓடுவதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

தெருவில் நின்ற வண்டியின் அருகே மண்டியிட்டு, ஸ்வெட்டரின் பட்டனைக் கழற்றினார். புஸ்ஸென்று ஒரு சின்னப் பெருமூச்சு. கூட்டின் தலையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு. வண்டி ஓடி எண்ணெய் சூடானால் உள்ளே காற்று உப்பும். அந்தத் துளை வழியாகத்தான் அது வெளியே போகும். துளையின் நேர்மேலே மழைக்கோட்டு லைனிங் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. போக வழியில்லாத காற்று, சீலை நெட்டித் தள்ளி எண்ணெயைத் துரத்தியிருக்கிறது. பாவம், குளிருக்கு இதில் சம்பந்தமே இல்லை!

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டில் போய் எப்படிச் சொல்வது? சக்களத்தி என்கிற வீம்பையெல்லாம் விட்டுவிட்டு மனைவி ஆசையாகப் பின்னியது. நீ தைத்ததுதான் வினை என்று எந்த வாயால் சொல்வது? சீலைக்கூட மாற்றிவிடலாம், மனைவியின் முகம் வாடினால் அதற்கு எந்தக் கடையில் பாகம் கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார்.

ஆக, ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் மனைவி பட்டன் போட்டு அனுப்புவார். தெருமுனை திரும்பியதும் இவர் இறங்கி, ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டி, சாமான் பெட்டியில் வைப்பார். அம்மா போட்டுவிட்ட குல்லாயைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றுகிற பிள்ளை மாதிரி. சாயங்காலம் அதே முனையில் நிறுத்தி, மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். தாள் அன்றிலிருந்து சுத்தம்.

தையல்காரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா? ஸ்வெட்டர் உடம்புக்குப் படிய கொஞ்ச நாளாகும்" என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொன்னார். எஞ்சினுக்கும் ஒன்று பின்ன உட்கார்ந்துவிட்டார். டபுள் லைனிங் வேறு! லிப்ட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரர் புதுச் சட்டையில் வந்தார். தரை பளபளவென்று இருந்தது.

"அண்ணே, வண்டி கெடையாது. ஒழுகல் நின்னுபோச்சு. எல்லாம் என் ஸ்வெட்டர் மகிமை."

"எந்த ஸ்வெட்டர் தங்கச்சி? தினமும் என் கடை முக்குல நிறுத்தி மாப்ள கழட்டிச் சுருட்டி வைக்கிறாரே, அதுவா?"

பின்னல் ஊசி நின்றது. லிப்ட்டுக்காரர் வண்டியின் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைத்த விளக்கு.

"என்னங்க இது?"

"அது வந்து... அவளுக்கு மூச்சு முட்டுதும்மா." துளையைக் காட்டினார். லிப்ட், நோட்டீஸ், பெருமூச்சு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

தையல்காரம்மா பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். "அப்போ இத்தன நாளும் ஒழுகினது என்னாலயா?"

"உன்னால இல்ல. லைனிங்கால."

"லைனிங் வச்சது யாரு?"

"அதாம்மா. அவ்ளோ கச்சிதமா தச்சிட்ட, காத்துகூட நுழைய முடியல. வேற யாராவது தச்சிருந்தா ஒழுகியே இருக்காது."

பேக்கரிக்காரர் இருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தையல்காரம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்குக் கட்டியை எடுத்தார். "எங்க, ஸ்வெட்டர்ல அந்த ஓட்டை எங்க வருது, வெரல வைங்க. இதுக்குப் போயி தெருமுக்குல நின்னு துணி மாத்தினீங்களாக்கும். சொல்லியிருந்தா ஒரு காஜா எடுத்திருப்பேன்ல."

கோட்டுக்குப் பட்டன் ஓட்டை தைப்பது போல, சுற்றிலும் நெருக்கமாக நூலோட்டி, துளைக்கு நேராக ஒரு காஜா எடுத்தார்.

"அப்ப வண்டி?" என்றார் பேக்கரிக்காரர்.

"உங்களுக்கு வேணும்னா ஒரு ஸ்வெட்டர் பின்னித் தர்றேண்ணே. காஜாவோட."

தாள் விரிக்கும் பழக்கத்தை மட்டும் லிப்ட்டுக்காரர் இன்னும் விடவில்லை. குளிரில் வண்டி ஒழுகுகிறதென்று புலம்பும் நண்பர் யாராவது இருந்தால் இதை அவருக்கு அனுப்பி வையுங்கள். முடிந்தால், கை நீளம் குறைக்க வேண்டிய கோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்கே போங்கள். இன்று நான் பார்த்ததை நீங்களும் பார்ப்பீர்கள். வண்டி ஊர் சுற்றிவிட்டு வந்து நிற்கும். தையல்காரம்மா சைடு காரிலிருந்து இறங்குவார். போர்த்திய கம்பளியைக்கூட எடுக்காமல் பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து, தூங்கும் குழந்தையின் மூக்கருகே வைத்துப் பார்ப்பது போல, அந்தக் காஜாவின் மேலே ஒரு விரலை வைப்பார். சூடாக மூச்சு வரும் வரைக்கும் எடுக்க மாட்டார்.