பழைய கட்டடத்தில் ஒரு வகுப்பறை

பள்ளிக்கூடம் முழுவதும் எதிர்ப்புறத்துப் புதுக்கட்டடத்துக்குப் பெயர்ந்துவிட்டது; ஆங்கில ஆசிரியை மட்டும் பெயரவில்லை. அவர் அயல்நாட்டிலிருந்து வந்தவர். அவருடைய பணி அனுமதியில் பள்ளியின் பெயரோடு பழைய முகவரியும் பொறிக்கப்பட்டிருந்தது. வேறிடத்தில் பாடம் நடத்தினால் அனுமதி பறிபோகும். அந்த அனுமதியை நம்பித்தான் கணவரும் மகளும் அவரோடு இந்நாட்டில் தங்கியிருந்தனர். அனுமதியில்லாமல் வீட்டில் டியூஷன் எடுத்த தோழியொருத்தி குடும்பத்தோடு விமானம் ஏற்றப்பட்டதை ஆசிரியை கண்ணெதிரே கண்டவர்.

முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தும் பதில் வந்தபாடில்லை. ஆகவே மின்விசிறியும் கரும்பலகையும் எஞ்சிய ஓர் அறையில் ஆசிரியை தனியரசு நடத்தினார். மணியடித்ததும் பிள்ளைகள் தெருவைக் கடந்து வந்து பாடங்கேட்டுப் போயினர்.

பெற்றோர் வந்து பார்வையிடும் நாளன்று தாளாளர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஒரே ஒரு வகுப்பு, டீச்சர். அங்க எடுத்துட்டு ஓடி வந்துடுங்க. எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க."

"மன்னிச்சுக்கங்க சார். அந்த வாசப்படியக்கூட மிதிக்க மாட்டேன்."

"தெருவத் தாண்டறது என்ன கடலத் தாண்டறதா?"

"எனக்கு அப்படித்தான் சார். இதத் தாண்டினா அதையும் தாண்ட வெச்சிடுவாங்க."

தாளாளரின் முகம் சுண்டியது. "பிடிச்ச பிடிய விடமாட்டீங்க! அடுத்த வருஷம் நீங்க இங்க வேணுமான்னு யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென நடந்தார்.

வேலையே போய்விடுமோ என்று ஆசிரியை அஞ்சினார். ஆனாலும் சுண்ணக்கட்டியை எடுத்துப் பாடத்தைத் தொடர்ந்தார்.

சற்று நேரத்தில் வாசலில் நிழலாடியது. சோதனைக்கு வந்த தொழிலாளர் துறை அதிகாரி நின்றார்; அவர் பின்னால் வியர்த்து வழியத் தாளாளர்.

"அங்க ஒவ்வொரு வகுப்பா பாத்துட்டு வரேன். நீங்க இங்க தனியா என்னம்மா பண்றீங்க?"

"என் பர்மிட்ல இந்த இடம்தான் சார் போட்டிருக்கு."

அதிகாரி அனுமதியை வாங்கி, வெளியே போய்க் கதவிலக்கத்தோடு ஒப்பிட்டுத் திரும்பினார்.

"அவனவன் சட்டத்துக்கு டிமிக்கி குடுக்கறான். நீங்க என்னடான்னா காலிக் கட்டடத்தக் காவல் காக்கறீங்க!" என்று அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா. உங்க விண்ணப்பத்த இன்னைக்கே பாக்கச் சொல்றேன். அதுவரைக்கும் இந்த ரூமத் தாண்டாதீங்க."

அவர் படியிறங்கியதும் தாளாளர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"நல்லவேளை, என் பேச்ச நீங்க கேக்கல. வருஷம் பூரா இங்கயே இருங்க, தாயே."

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை கணவரை அழைத்தார்.

"என்னங்க, அதிகாரி வந்து பாத்துட்டுப் போனார்."

கணவர் பதறிப்போனார்.

"பெட்டிய எடுத்து வெக்கட்டுமா?"

"சோத்த எடுத்து வைங்க. பசி உயிர் போகுது."