எதிர் வரிசைக்கு வாய்த்துணி இல்லை

அந்தத் துணியின் வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. வெற்றிலை, புகையிலை, யாரோ ஒருத்தியின் சளி, எல்லாம் சேர்ந்து வெந்த வாடை.

நானும் அக்காவும் விளாங்குடியிலிருந்து மதுரையிலுள்ள ஒரு நூல் மில்லுக்கு நடந்தே வேலைக்குப் போய்வந்த காலம். நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில், எதிரெதிராக இரண்டு வரிசைகளில் பெண்கள் நிற்போம். அந்த மார்கழியில் ஊரெல்லாம் சளிக்காய்ச்சல். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் அது தொற்றாமல் இருக்குமா என்று சோதித்துப் பார்க்க மில் டாக்டருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு வரிசைக்கு மட்டும் மல்துணியில் தைத்த வாய்த்துணி கொடுத்தார். எனக்குக் கிடைத்தது. எதிர் வரிசையில் நின்ற அக்காவுக்கு இல்லை.

யோசனை நல்லதுதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சாயங்காலம் எல்லாத் துணியையும் ஒரே கூடையில் வாங்கி, ஒரே அண்டாவில் அவித்து, காலையில் கைக்கு வந்ததை ஆளுக்கொன்றாக நீட்டினார்கள். நாங்கள் செம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள். என் பக்கத்தில் நின்றவள் அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள்.

“எம்புட்டு அவிச்சாலும் அடுத்தவ எச்சி எச்சிதானடி. இதப் போயி வாயில கட்டவா?”

இடுப்பில் சொருகிக்கொண்டாள். எல்லோரும் சொருகினோம். டாக்டரின் பூட்ஸ் சத்தம் கேட்டால் துணி மூக்குக்கு ஏறும். அவர் தலை மறைந்ததும் இறங்கிவிடும். அந்த மனிதருக்கு மட்டும் தினமும் சலவைத் துணி, தனியாக.

அக்காவுக்குக் கைக்குழந்தை. அவள் டாக்டரிடம் போய் நின்றாள்.

“ஐயா, நான் பால் குடுக்குறவ. காச்சல வீட்டுக்குக் கொண்டுபோனா பிள்ள தாங்காது. எனக்கும் ஒண்ணு குடுங்க.”

கொடுத்தால் சோதனை கெட்டுவிடுமாம்.

மறுநாள் துவைத்த சேலையின் முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். அத்தனை பேரில் ஒழுங்காக மூக்கை மூடியிருந்தவள் அவள் ஒருத்திதான். டாக்டர் பார்த்துவிட்டார்.

“அத அவுத்துடு. உன் வரிசையில யாரும் கட்டக் கூடாது.”

அக்கா தயங்கினாள்.

“வேலை வேணுமா, வேண்டாமா?”

அவிழ்த்தாள். அதற்குப் பிறகு அவள் கட்டவில்லை.

இரண்டு வரிசையிலும் காய்ச்சல் புகுந்தது. அக்கா படுத்தாள். அவள் எழுந்து உட்காருவதற்குள் பிள்ளைக்கு வந்து, நெஞ்சு கட்டி, போய்விட்டது. கட்டியவர்களுக்கும் வந்திருக்கிறது, கட்டாதவர்களுக்கும் வந்திருக்கிறது, ஆகவே வாய்த்துணியால் பயனில்லை என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். நாங்கள் யாருமே கட்டவில்லை என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? சொன்னவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

அக்கா வேலைக்குத் திரும்பினாள். பால் வற்றவில்லை, நூல் சுற்றச் சுற்ற மாராப்பு நனைந்துகொண்டிருந்தது. டாக்டர் அவளருகே வந்து நின்றார். குழந்தை இறந்ததைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அக்கா நிமிர்ந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

“காய்ச்சல் முதல்ல யாருக்கு வந்துச்சு? உனக்கா, குழந்தைக்கா?”

“எனக்குத்தான்யா.”

“நல்லது” என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்தவளிடம் போனார்.