சாலைக்கு மேல் மூன்றரை அடி

ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில், நாற்பதடிக்குத் தொண்ணூறடி மனையில் பள்ளிக்கூடம் கட்டப் போகிறோம், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் குழுவில் இருந்தால் நல்லது என்றார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது என் கையெழுத்து, என் வாய் அல்ல. இரண்டும் சேர்ந்துதான் வரும் என்று யாரும் விசாரித்து வைக்கவில்லை.

மனைக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய். அதற்காக விட வேண்டிய இடத்தை விட்டால் மிஞ்சுவது ஓர் ஒல்லிப் பட்டை. பணம் தரும் கம்பெனி, சொன்ன தொகைக்கு மேல் ஒரு செங்கல் கூடாது என்றது. இத்தனைக்கும் நடுவில் அறக்கட்டளைத் தலைவர் தனக்கென ஓர் அறை கேட்டிருந்தார். தரைத்தளத்தில், முன்பக்கமாக, குளியலறையோடு. பள்ளிக்கூடத்தில் குளிக்கும் தலைவரை நான் அதுவரை கண்டதில்லை.

அதே சந்தில் இருந்த பழைய பள்ளிக் கட்டடத்தில் கூடினோம். வரைபடம் போட்டவர் நாற்பது வயதுப் பெண்மணி, கோயம்புத்தூர்க்காரர். தரைத்தளம் சாலையைவிட ஒன்றரை அடி உயரம் என்று காட்டினார். முதல் மூன்று வகுப்புகளும் அங்கேதான்.

“மூன்றரை அடி வையுங்க மேடம்,” என்றேன்.

“ரூல்படி ஒன்றரையே போதுங் சார்.”

“ரூல் எனக்குத் தெரியும். ரோடு ஏறும்.”

தலைவர் சிரித்தார். “ரோடு என்னா இட்லி மாவா இஞ்சினியர் சார், பொங்கி வர்றதுக்கு? சும்னே பயமுறுத்தாதீங்க.”

எல்லோரையும் வெளியே அழைத்துப் போய் எதிர்வீட்டைக் காட்டினேன். கட்டியபோது ஒரு படி ஏறிப் போன வீடு. இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டு போனால் இதுதான் நடக்கும். அந்த வீட்டம்மா மழைத் தண்ணீருக்கு வாசலின் குறுக்கே சிமெண்ட் வரப்பு கட்டி வைத்திருந்தார்.

“மூன்றரை அடின்னா வீல்சேர் ஏறுற சாய்தளமே நாப்பத்திரண்டு அடி வரும். எடம் எங்கீங் சார் இருக்குது?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

“தலைவர் ரூம்ல. அதை எடுத்துட்டா மண்ணு ரொப்புற செலவும் சரியாப் போயிடும்.”

தலைவரின் சிரிப்பு நின்றது. எங்களோடு வெளியே வந்திருந்த பள்ளித் தலைமையாசிரியை அவரைப் பார்த்துச் சொன்னார்: “பழைய கட்டடத்துல மழை வந்தா ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்கள பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெக்கிறேன் சார். புதுசுலயும் அதேதான் செய்யணுமா?”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “சுரண்டிட்டுத்தான் தார் போடணும்னு கான்ட்ராக்டுலயே இருக்குது. சுரண்டலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சுரண்டியாச்சுன்னு கையெழுத்துப் போட்டவனே நான்தான். இந்தத் தெருவுக்கு மூணு தடவை.”

அவர் முகம் மலர்ந்தது. “ஓகோ! அப்போ அதை எழுதிக் குடுங்க. எதுக்கு ஒசரம் மாத்துறீங்கன்னு கம்பெனியில கேப்பாங்க இல்ல?”

பென்ஷன் வாங்குகிறவன் எழுத மாட்டான் என்பது அவர் கணக்கு. தவறான கணக்கு என்று சொல்ல முடியாது. எதைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்பதைத்தான் பணிக்காலம் முழுக்க எனக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து கோடு போட்ட தாள் கேட்டேன். தலைமையாசிரியை எடுத்துத் தந்தார். பெயர், வகித்த பதவி, தெரு, மூன்று முறையும் சுரண்டாத தாரைச் சுரண்டியதாகச் சான்றளித்தது, ஆகவே தரைத்தளம் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது என்பது. எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

தலைவர் படித்தார். குரல் இறங்கியிருந்தது. “இது வெளிய போனா உங்களுக்குத்தான் சார் கஷ்டம். வாணாம், கிழிச்சுடலாம்.”

“பெற்றுக்கொண்டதா சீல் வையுங்க. நம்பர் போடுங்க,” என்றேன்.

தலைமையாசிரியை தலைவர் கையிலிருந்து தாளை வாங்கி, பள்ளி முத்திரையைக் குத்தி, எண் எழுதி, முனைக்கடையில் ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பினார். வரைபடத்துப் பெண்மணி மடிக்கணினியைத் திறந்து தலைவரின் அறையை அழித்துக்கொண்டிருந்தார். முதலில் குளியலறை போயிற்று.