நிறுத்தக்கூடாத கார்

துணுக்காய்ப் பக்கத்தில், எங்கள் குளத்துத் தண்ணீரில் விதைக்கும் ஊர்களில் முதன்முதலில் கார் வாங்கியவர் என் அத்தான், அக்காவின் கணவர். அதை ஓட்டியவள் அக்கா. மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலத்தில் யாரோ ஓடிக் களைத்த கறுப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டார் அத்தான். மறுநாளே அதை வாய்க்காலுக்குள் இறக்கினார். அதன்பிறகு அவர் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை. வயலில் உழவு இயந்திரம் ஓட்டிப் பழகியிருந்த அக்கா, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, காரை வெளியே எடுத்தாள். அன்றிலிருந்து அது அவளுடைய கார்.

பொம்பிளை கார் ஓடுவதா என்று சிரித்தவர்கள்தான் பிறகு பாம்பு கடித்தாலும் பிள்ளைப்பேறென்றாலும் அவளுடைய படலையில் வந்து நின்றார்கள். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மாரிச் சேற்றில் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் அதைச் சுமக்கவேண்டும். கூப்பிட்ட எவருக்கும் அக்கா மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவளை நினைத்து அப்படியொரு பெருமை.

காருக்கு ஒரு குணம் இருந்தது. நின்றால் லேசில் எழும்பாது. பற்றறி செத்துப் பலகாலம். முன்னால் விட்டுச் சுற்றி எஞ்சினை எழுப்பும் கம்பி எப்போதோ வளைந்து, வேலிக்கு முண்டுகொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் அக்கா காரைக் குளக்கட்டின் சரிவில்தான் விடுவாள். சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்தால் அது தானாக உருளும். பாதிச் சரிவில் கியரைப் போட்டு எழுப்பிவிடுவாள். போன இடத்தில் சரிவு இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தமாட்டாள். செத்த வீட்டுக்குப் போனாலும் கார் வெளியே உறுமிக்கொண்டே நிற்கும். ஊர் அதற்குப் பழகிவிட்டது.

என் கல்யாணம் கிளிநொச்சியில், பெண் வீட்டில் நடந்தது. அத்தானும் சொந்தக்காரரும் விடியவே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை காரில் வரவேண்டும் என்பது பெண்ணின் தகப்பனாரின் ஆசை. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக நான் பின்னால் இருந்தேன். எனக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நிற்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா, விபூதிப் பூச்சோடு முன்னால் இருந்தார். அக்கா ஓட்டினாள். தாலி கட்டும்போது பெண்ணின் பின்னால் நின்று கூந்தலை விலக்கிப் பிடிக்கவேண்டிய தோழியும் அவள்தான். அது மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரியது, எனக்கு இருந்தது ஒரே அக்கா.

மாங்குளம் தாண்டி முறிகண்டி வந்தது, தெருவோரத்தில் பிள்ளையார் கோயில். அந்தப் பிள்ளையாரை நின்று கும்பிடாமல் எந்த வாகனமும் அந்த வழியால் போகாது. அக்காவும் நிறுத்தினாள். காலை அக்சிலேற்றரில் வைத்தபடியே கைகூப்பிக் கண்ணை மூடினாள். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"பிள்ளையாருக்கு முன்னால இப்பிடி இரைஞ்சுகொண்டு நிக்கலாமோ, பிள்ளை?" என்றவர், கையை நீட்டித் திறப்பைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அக்கா கண்ணைத் திறந்தபோது எல்லாம் அமைதியாகிவிட்டது. முறிகண்டியில் நிலம் பலகை போலச் சமம். சரிவென்று ஒரு சாணும் இல்லை.

"பெரியப்பா, என்ன வேலை பாத்தனீங்கள்!" அவ்வளவுதான் சொன்னாள்.

எங்களுக்குப் பின்னால் கிளிநொச்சிப் பஸ்ஸும் கும்பிடுவதற்காக நின்றது. இறங்கிய சனம் தேங்காய் உடைத்த கையோடு வந்து தள்ளியது. கச்சான் கடலை விற்கும் பெண்கள்கூடக் கடகங்களை வைத்துவிட்டு வந்தார்கள். கார் மணலில் நாலு முழம் நகர்ந்து இருமியதே தவிர எழும்பவில்லை. பஸ்காரர் கோர்ன் அடித்தார். அக்கா என்னைப் பிடித்து இறக்கினாள்.

"தம்பி, நீ பஸ்ஸில போ. முகூர்த்தம் நிக்காது."

"நீ இல்லாமல் நான் தாலி கட்டமாட்டன்."

"நான் வாறன் எண்டால் வாறன். ஏறு!"

நான் ஏறினேன், பெரியப்பா காரோடு நின்றுவிட்டார். பஸ்ஸில் ஒரு அம்மா, "தலைப்பாகை நசியப்போகுது, இப்பிடி இருங்கோ மாப்பிள்ளை" என்று எழுந்து இடம் தந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. பெண் வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார்கள். காரை எதிர்பார்த்து நின்ற பெண்ணின் தகப்பனார், பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னால் வேறு யாராவது மாப்பிள்ளை இறங்குகிறானா என்றும் பார்த்தார்.

மணவறையில் எனக்கு மந்திரம் எதுவும் காதில் விழவில்லை. ஐயர் தாலியை நீட்டினார். நான் கைநீட்டவில்லை.

"அக்கா வரட்டும்."

"நேரம் போகுது தம்பி. வேற ஆரும் பிடிக்கட்டும்," என்றார் ஐயர்.

பெண்ணின் தாயார் தன் தங்கையைக் கூப்பிட்டார். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. நான் வீம்பாக இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். வீம்பு இல்லை, பயம். அவள் வராமல் போய்விடுவாளோ என்று தெருப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் குனிந்திருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "அவா வரட்டும். எனக்கும் அவாதான் வேணும்." அதுவரை நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தெருவில் அந்த உறுமல் கேட்டது. உலகத்தில் எந்த நாதஸ்வரமும் எனக்கு அவ்வளவு இனிமையாக ஒலித்ததில்லை. என் பஸ் போனபின், அடுத்ததாகப் பிள்ளையாரைக் கும்பிட நின்ற நெல் லொறிக்காரரிடம் கயிறு வாங்கிக் கட்டி, இழுப்பித்துக் காரை எழுப்பியிருக்கிறாள் அக்கா. சேலையில் கிறீஸ், காலெல்லாம் மணல். கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதவள்போலக் கூந்தலை விலக்கிப் பிடித்தாள். நான் தாலியைக் கட்டினேன்.

கெட்டிமேளம் ஓய்ந்தும் வெளியே இரைச்சல் ஓயவில்லை.

"காரை நிப்பாட்டேல்லையோ?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார்.

"பெரியப்பா பாத்துக்கொள்ளுறார்," என்றாள் அக்கா.

ஆசீர்வாதம் வாங்க நாங்கள் இருவரும் தெருவுக்குப் போனோம். சாரதி ஆசனத்தில் பெரியப்பா வியர்த்து வடிய இருந்தார். யன்னலுக்குள்ளால் நீட்டிய தட்டிலிருந்து அறுகரிசி எடுத்து எங்கள் தலையில் போட்டு, "நல்லா இருங்கோ" என்றார். மற்றக் கையால் திறப்பைப் பொத்தியபடி, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்.