பக்கத்து லாட்ஜின் பெட்டி

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் வயர்லெஸ் செட்டோடு கிடந்தவர் வல்லிநாயகம். சொந்த ஊர் சிவகிரி. ஓய்வுபெற்றபின் குற்றாலம் ஐந்தருவி சாலையில் எட்டு அறை லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். சாரல் தொடங்கினால் கூட்டத்தில் செல்போன் சிக்னல் செத்துவிடும். வருகிறவர்கள் அறையைப் பார்க்குமுன் வைஃபை உண்டா என்றுதான் கேட்பார்கள்.

பக்கத்து லாட்ஜ் இசக்கிதுரை ஒரு வைஃபை பூஸ்டர் மாட்டினால் இவர் இரண்டு மாட்டுவார். போன சீசனில் அது சண்டையாகி, பேச்சும் நின்றது. இரைச்சலைப் பெரிய இரைச்சலால் அடக்கிவிடலாம் என்று நம்பியதில் இருவருக்கும் வித்தியாசமில்லை.

இந்த ஆடியில் ஒருநாள் மதியம், கீழறையில் தங்கியிருந்த சைதூன் பீவி வீடியோ அழைப்பில் இருந்த போனோடு ஓடிவந்தார். துபாயில் மகன் ரிஃபாத்தைக் காலையில் நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அரை மணியில் ஆபரேசன்.

“மொகம் ஒறஞ்சு நிக்குது தம்பி. பேச்சு வரமாட்டேங்குது.”

வல்லிநாயகம் தன் போனில் சுற்றுவட்டார வைஃபை அலைகளைப் பார்த்தார். அவருடைய பூஸ்டர்களும் இசக்கிதுரையின் வைஃபை பெட்டியும் ஒரே சேனலில் முட்டிக்கொண்டிருந்தன. சுற்றியிருந்த லாட்ஜுகள் மற்ற சேனல்களை அடைத்திருந்தன. செட்டில் ஒருவன் பேசினால் மற்றவன் வாய்மூட வேண்டும். பட்டாளத்தில் முதல்நாள் பாடம் அது. தான் மாட்டியிருந்த மூன்று பூஸ்டரையும் பிடுங்கினார். அப்போதும் முகம் உறைந்தே நின்றது. செருப்பில்லாமல் பக்கத்து லாட்ஜ் படியேறினார்.

“என்ன பட்டாளத்து அண்ணாச்சி, எல்லை தாண்டி வாரீரு?” என்றார் இசக்கிதுரை.

“ஒம்ம பெட்டிய அணைக்கணும்.”

“ஏன், ஒம்ம பெட்டிக்கு மூச்சு முட்டுதோ?”

“எம் பூஸ்டர் எல்லாத்தையும் புடுங்கிட்டேன். எங்கிட்ட இருக்க அம்மாவோட மகன் ஆபரேசனுக்குப் போறான். ஒரு வார்த்தை பேசணும்.”

இசக்கிதுரை எழுந்து சுவிட்சைத் தட்டினார்.

சைதூன் பீவியின் போனில் மகன் முகம் அசைந்தது.

“சாப்பிட்டியா வாப்பா?” என்று மகனைக் கேட்டார்.

“சாப்பிடக் கூடாதும்மா. அழாதீங்க. முடிஞ்சதும் கூட்டாளி இதுலயே கூப்பிடுவான்.”

யாரோ கட்டிலைத் தள்ளினார்கள். திரையில் கூரை விளக்குகள் ஓடின. அழைப்பு முடிந்தது.

நான்கு மணிக்கு இசக்கிதுரை வாசலில் வந்து நின்றார். அவருடைய மாடியில் தங்கியிருந்தவர்கள் வைஃபை எங்கே என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பெட்டியப் போடட்டுமா அண்ணாச்சி?”

வல்லிநாயகம் உள்ளே பார்த்தார். சைதூன் பீவி போனை மடியில் வைத்து ஓதிக்கொண்டிருந்தார்.

“இன்னும் சேதி வரல.”

“அப்ப கெடக்கட்டும்,” என்று இசக்கிதுரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.